மொகுதூமின் ஈரக் காலடிகள்

மொகுதூமின் காலடிகள் கடலைவிட்டு ஏறி அவனுடைய உம்மாவின் பின்னால் நடக்கத் தொடங்கியபோது, துருக்கி நாட்டுப் புர்சா நகரத்தின் தெருமுனைகளில் கஷ்கொட்டை சுட ஆரம்பித்திருந்தார்கள். ஊருக்குப் பின்னால் நிற்கிற உலுதாக் மலையின் உச்சியில் முதல் பனி விழுந்து, காலையில் பேசுகிறவர்களின் வாயிலிருந்து சொல்லோடு சேர்ந்து புகையும் வருகிற பருவம் அது. காயல்பட்டினத்திலிருந்து புனித அடக்கத்தலங்களின் ஜியாரத்துக்காக வந்திருந்த சிறு கூட்டத்தில் அந்த உம்மா முத்து சுலைகாவும், அவளுடைய மருமகள் ஜுவைரியாவும் இருந்தார்கள். மற்றவர்கள் சுல்தான்களின் அடக்கத்தலங்களையும் பழைய பள்ளிவாசல்களையும் பார்க்க வந்தவர்கள். முத்து சுலைகா கடலைப் பார்க்க வந்தவள்.

மொகுதூம் சரக்குக் கப்பலில் எஞ்சின் பார்க்கிறவன். நிக்காஹ் முடிந்து ஒரு பெருநாள்கூட மனைவியோடு இருக்காமல் கப்பலேறிப் போனான். அந்தக் குளிர்காலத்திலேயே மர்மரா கடலில் புயலடித்துக் கப்பல் கவிழ்ந்தது. சிலருடைய உடல்கள் கரை சேர்ந்தன, அவனுடையது சேரவில்லை. உடல் கிடைக்காதவனுக்காகத் தொழுகிற காயிப் ஜனாஸாவைத் தொழுதுவிடலாம் என்று ஊர் ஆலிம்கள் ஒரு வெள்ளிக்கிழமை முடிவு செய்தபோது, முத்து சுலைகா பெண்கள் போகாத பள்ளிவாசல் வாசலில் போய் நின்று, "உடம்பக் காட்டுங்க, அப்புறம் தொழுங்க" என்றாள். அவள் குரலை அந்தத் தெரு அதற்கு முன் கேட்டதில்லை. ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு கலைந்து போனார்கள், அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்கிற ஊர் அது. அதனால் மொகுதூமின் அறை ஜுவைரியாவின் வீட்டு மாடியில் இருந்தது. வியாழக்கிழமைதோறும் முத்து சுலைகா அடுத்த தெருவிலிருந்து வந்து, மாடியேறி, கட்டில் விரிப்பை மாற்றி, அவனுடைய சட்டைகளை உதறி மடித்து வைத்துவிட்டுப் போவாள். விரிப்பு கசங்கக் கூடாது என்பதற்காக ஜுவைரியா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள். அவளை மனைவி என்று சொல்லப் புருஷன் இல்லை, விதவை என்று சொல்ல மாமியார் விடவில்லை. புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் இருக்கிற இத்தாவை இருக்கவும் முடியாமல், இன்னொரு நிக்காஹ்வைப் பற்றி வீட்டார் வாயெடுக்கவும் முடியாமல், ஆண்டுகள் அவள் மேல் தூசி போலப் படிந்துகொண்டிருந்தன. அவள் மாமியாரோடு சண்டை போட்டதில்லை. சண்டை போடுவதற்கும் ஓர் இடம் வேண்டும், அவளுக்கு அதுவும் இல்லை.

கூட்டத்தை அழைத்து வந்த சாலிஹ் ஆலிமிடம் முத்து சுலைகா கேட்டது ஒன்றே ஒன்றுதான். புர்சாவுக்குப் போகிற வழியில், அதே மர்மரா கடலோரத்தில் இருக்கிற முதன்யா துறைமுகத்தில் வேன் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். நின்றது. அவள் கரைப் பாறையில் உட்கார்ந்து குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதி முடித்து, குனிந்து கையைத் தண்ணீரில் விட்டு, "வாப்பா, உம்மா வந்திருக்கேன்" என்று மகனிடம் சொன்னாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வேனில் ஏறினாள். வழியெல்லாம் ஆலிவ் தோப்புகள் வந்தன, அவள் ஒன்றையும் பார்க்கவில்லை.

பெரிய பள்ளிவாசலின் முற்றத்தில் இறங்கியபோதுதான் அது தெரிந்தது. காய்ந்த கல்தளத்தில், அவளுக்குப் பின்னால், செருப்பில்லாத இரண்டு கால்கள் ஈரமாகப் பதிந்து பதிந்து வந்துகொண்டிருந்தன. அவள் நின்றால் அவையும் நின்றன. அவள் நடந்தால் ஒரு முழம் பின்னால் நடந்தன. முத்து சுலைகா திரும்பி, குனிந்து, ஒரு தடத்தை உற்றுப் பார்த்தாள். இடது காலில் சுண்டுவிரல் பதியவில்லை. தவழ்கிற வயதில் கதவிடுக்கில் நசுங்கி மேல்நோக்கி வளைந்துபோன விரல், அவன் நடக்கப் பழகிய நாளிலிருந்து தரையில் படாத விரல். அவள் நிமிர்ந்து ஜுவைரியாவிடம், "அவன் வந்துட்டான் புள்ளே" என்றாள், வெளியே போன பிள்ளை வீடு திரும்பியதைச் சொல்வது போல. ஜுவைரியா காலடிகளுக்கு வழிவிட்டுச் சற்று ஒதுங்கி நின்றாள்.

முதலில் கவலைப்பட்டவர் பள்ளிவாசலைப் பார்த்துக்கொள்கிற யாகூப் எஃபெந்தி. வாசல் வரைக்கும் வந்த ஈரத்தைப் பார்த்ததும் அவருக்குத் தன் கம்பளங்களின் ஞாபகம்தான் வந்தது. இமாம் நூருத்தீனைக் கூட்டி வந்தார். இமாமும் சாலிஹ் ஆலிமும் அரபியில் பேசிக்கொண்டார்கள். கடல் தண்ணீர் சுத்தமானது, அதனால் கம்பளம் அசுத்தமாகாது என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் நனைந்த கம்பளம் நாறும் என்பதில் யாகூப் எஃபெந்திக்கு இருந்த கருத்தை அவர்கள் இரண்டு பேராலும் மறுக்க முடியவில்லை. கடைசியில் இமாமே வழி சொன்னார். அந்தப் பள்ளிவாசலின் நடுவில், கண்ணாடிக் குவிமாடத்துக்குக் கீழே, பளிங்கில் கட்டிய நீரூற்று ஒன்று இருக்கிறது. அந்த இடத்துக்குச் சொந்தக்காரியான ஒருத்தி மனமில்லாமல் நிலத்தைக் கொடுத்ததால், மனம் ஒப்பாத மண்ணில் தொழக் கூடாது என்று அங்கே ஊற்றுக் கட்டினார்கள் என்று அந்த ஊரில் ஒரு கதை சொல்வார்கள். "அங்கே எப்போதும் ஈரம்தானே, அவர் அங்கே நிற்கட்டும்" என்றார் இமாம். யாகூப் எஃபெந்தி தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளூச் செய்கிறவர்களுக்கான மரக்கட்டைச் செருப்பு ஒரு ஜோடியை வாசலில் கொண்டுவந்து வைத்தார். செருப்பில் தண்ணீர் நிறைந்தது. அது டக் டக்கென்று கம்பளங்களுக்கு நடுவே ஊற்று வரை நடந்து போய் நின்றது. தொழ வந்தவர்கள் சலாம் சொல்லிவிட்டுத் தங்கள் வரிசைக்குப் போனார்கள்.

புர்சா அப்படித்தான் அவனை ஏற்றுக்கொண்டது, அதிகம் பேசாமல். விடுதிக்காரர் படிக்கட்டில் பழைய துண்டுகளை விரித்தார். காலையில் அவற்றைப் பிழிந்து காயப்போட்ட வேலைக்காரப் பெண், கம்பி முழுக்க உப்புப் பூத்திருப்பதாகச் சொல்லி வேறு கொடி கட்டினாள். பட்டு விற்கிற பழைய சத்திரத்தின் முற்றத்தில் தேநீர்க் கடைக்காரர் கூட்டத்தினருக்குக் கோப்பைகள் வைத்தபோது, கீழே ஈரம் தேங்கியிருந்த காலி நாற்காலிக்கு முன்னாலும் ஒன்று வைத்து, ஆறியதும் மாற்றி வைத்தார். பச்சை ஓடுகள் பதித்த அடக்கத்தலத்தில் காவல்காரர் சாக்கு விரித்தார். தெருப் பூனைகள் காலடிகளை மோந்து பார்த்து, உப்புக் கரித்து முகத்தைத் திருப்பிக்கொண்டன. கூட்டத்துக்கு வழிகாட்டியாக வந்த நெர்மின் என்ற பெண், ஆட்களை எண்ணும்போது ஒன்று கூட்டி எண்ணப் பழகிக்கொண்டாள்.

செய்தி முதன்யா வரைக்கும் போயிருக்க வேண்டும். ஒரு நாள் மதியம் தலையில் பூப்போட்ட துணி கட்டிய மீனவப் பெண் ஒருத்தி வந்து, விடுதி வாசலில் உட்கார்ந்திருந்த முத்து சுலைகாவின் முன்னால் மண்டியிட்டு, ஈரத் தடத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்து அளந்தாள். நீளமாக இருந்தது. இவன் இல்லை என்பது போல அவள் தலையை ஆட்டினாள். "இவளுடைய மகனும் வலை போடப் போய்த் திரும்பவில்லையாம்" என்று நெர்மின் ஆங்கிலத்தில் சொல்ல, ஜுவைரியா மாமியாருக்குத் தமிழில் சொன்னாள். முத்து சுலைகா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவருக்கும் ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லை. போகும்போது அந்தப் பெண் தன் மகனுக்காகப் பின்னிய கம்பளிக் காலுறைகளைத் தடங்களின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அவை நனைந்து கனத்துக் கிடந்தன.

அந்த நாட்களில் முத்து சுலைகாவுக்கு இருபது வயது குறைந்துவிட்டது. வழியெல்லாம் மகனோடு பேசிக்கொண்டே நடந்தாள். யாருக்குக் குழந்தை பிறந்தது, எந்த வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள், மாடி அறை ஜன்னல் மழைக்கு உப்பி மூட மாட்டேன் என்கிறது, எல்லாம் சொன்னாள். ஜுவைரியா அவர்களுக்குப் பின்னால் நடந்தாள். காலடிகள் ஒரு தடவைகூட அவள் பக்கம் வரவில்லை. அதற்காக வருத்தப்பட வேண்டுமா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

முராதியா என்ற தோட்டத்தில் சுல்தான்களும் இளவரசர்களும் அடங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒரு சுல்தான், தன் கபுருக்கு மேலே கூரை மூடக் கூடாது, ஏழைகளின் கபுரைப் போலத் தன் மண்ணிலும் மழை விழ வேண்டும் என்று கேட்டுக்கொண்டாராம்; அதனால் அந்தக் குவிமாடத்தின் உச்சியைத் திறந்தே விட்டிருக்கிறார்கள். அவர்கள் போன அன்று மழை பெய்தது. கூட்டம் மற்ற அடக்கத்தலங்களைப் பார்க்க நகர்ந்தது. முத்து சுலைகா கால் வலியில் வாசல் மண்டபத்தில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தாள். காலடிகள் மட்டும் அவளை விட்டு உள்ளே போய், மழை விழுகிற கபுருக்கு முன்னால் நின்றன. ஜுவைரியா பின்னாலேயே போனாள். மண் மேட்டில் மழை விழுவதைப் பார்த்துக்கொண்டு இருவரும் நின்றார்கள்.

ஜுவைரியா தடங்களைப் பார்த்துப் பேசினாள்.

"உங்க முகம் எனக்கு மறந்துபோச்சு" என்றாள். "போட்டோவுல இருக்கறது ஞாபகம் இருக்கு. நேர்ல பாத்தது இல்ல."

மழை பெய்துகொண்டிருந்தது.

"கோவிச்சுக்காதீங்க. கொஞ்ச நாள்தானே இருந்தீங்க."

அப்போது தடங்கள் புரண்டன. விரல்கள் அவள் பக்கம் திரும்பின. முதல் தடவையாக அவன் அவளுக்கு எதிரே நின்றான், ஒரு கையெட்டும் தூரத்தில். தடங்களைச் சுற்றித் தண்ணீர் ஊறிப் பெருகி அவளுடைய காலுறைகளைத் தொட்டது. அந்தக் குளிர் மழையின் குளிர் இல்லை. வெயிலே போகாத ஆழத்தின் குளிர், எலும்பைப் பிடித்து இறுக்குகிற குளிர். அத்தனை ஆண்டுகளாக இதற்குள்தான் நின்றுகொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.  குனிந்து, தரையைப் பார்த்து, "குளிருதா?" என்று கேட்டாள். 

அவன் குளிரில் நிற்பதை அன்றைக்கு அவள் மாமியாரிடம் சொன்னாள். முத்து சுலைகா காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

"ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டா சரியாப் போயிரும். நம்ம ஊரு வெயில் பட்டா எல்லாம் காஞ்சிரும்."

"இவ்வளவு நாளாக் காயல மாமி."

"நீ சும்மா இரி."

மறுநாள் எமீர் சுல்தான் என்ற இறைநேசரின் அடக்கத்தலத்துக்குப் போனார்கள். அது மேட்டில் இருக்கிறது. வேன் நிற்கிற இடத்திலிருந்து சரிவான கல்தெருவில் ஏற வேண்டும். முத்து சுலைகா முன்னால் ஏறினாள், வழக்கம் போலப் பேசிக்கொண்டே. பாதி மேட்டில் ஜுவைரியா அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மாமி, திரும்பிப் பாருங்க."

கீழேயிருந்து வந்த தடங்களுக்கு நடுவே இடைவெளி குறுகிக் குறுகி வந்திருந்தது. அப்புறம் அவை தடங்களாகவே இல்லை. விரல்கள் கல்லில் இழுபட்ட கோடுகளாக இருந்தன, இடையிடையே குதிகால் வைக்க முடியாமல் தடுமாறிய ஈரம். ஓரிடத்தில் இரண்டு முழங்கால்கள் பதிந்திருந்தன. அதைத் தாண்டியும் அவன் எழுந்து வந்திருந்தான். அவள் முன்னால் போய்க்கொண்டே இருந்ததால், அவனும் வந்துகொண்டே இருந்தான். இப்போது அவளுக்கு ஒரு முழம் பின்னால் நின்ற தடத்தில், ஒரு சின்னச் சிப்பியும் பச்சைப் பாசித் துணுக்கும் கிடந்தன.

"களைச்சிட்டியா வாப்பா?" என்றாள் முத்து சுலைகா.

அவள் தெருவோரக் கல்லில் உட்கார்ந்தாள். ஜுவைரியாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேலே பள்ளிவாசலின் பெரிய மரங்களிலிருந்து இலைகள் உதிர்ந்துகொண்டிருந்தன.

"அவங்க நமக்காகத்தான் நடக்குறாங்க மாமி" என்றாள் ஜுவைரியா. "நீங்க போன்னு சொல்ற வரைக்கும் நடப்பாங்க. உங்க சொல்ல அவங்க என்னைக்குத் தட்டியிருக்காங்க?"

முத்து சுலைகா தஸ்பீஹின் ஒரு மணியைத் தள்ளினாள்.  பிறகு மிக மெதுவாக, யாரிடமோ வழி கேட்பது போல, "போன்னு சொல்லிட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றாள்.

 ஜுவைரியா மாமியாரின் தோளில் கையை வைத்தாள். அந்தக் கை அங்கேயே இருந்தது. கூட்டம் ஜியாரத் முடித்து இறங்கி வந்தபோது முத்து சுலைகா எழுந்து சாலிஹ் ஆலிமின் முன்னால் போய் நின்று, "தொழுதுருங்க ஆலிம்சா" என்றாள்.

சாலிஹ் ஆலிம் இமாம் நூருத்தீனிடம் போனார். காயல்பட்டினத்தார் பின்பற்றுகிற ஷாஃபி வழியில் உடல் இல்லாதவனுக்காகத் தொழலாம், அந்த நாட்டு ஹனஃபி வழியில் கூடாது. இது தன் பள்ளிவாசலில் எப்படி நடக்கும் என்று இமாம் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். அப்புறம் ஊற்றின் பக்கம் பார்த்தார். அங்கே மரச்செருப்புகள் நின்றுகொண்டிருந்தன.

"இல்லாதவருக்கு நான் தொழவைக்க முடியாது" என்றார். "ஆனால் இவர் வந்த நாளிலிருந்து நம்மோடுதான் நிற்கிறார். இவரை இல்லாதவர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், முற்றத்தில் இறந்தவர் உடலைக் கிடத்துவதற்கென்று இருக்கிற இடுப்புயரக் கல்மேடைக்கு எல்லாரும் வந்தார்கள். யாரும் சொல்லியனுப்பவில்லை. தேநீர்க் கடைக்காரர் வந்தார், விடுதிக்காரர் வந்தார், சாக்கு விரித்த காவல்காரர் வந்தார். பின்னால் பெண்களோடு அந்த மீனவப் பெண்ணும் நின்றாள். காலடிகள் முற்றத்தைக் கடந்து மேடைக்கு வந்தன. ஒரு தடம் கல்லின் விளிம்பில் பதிந்தது. பிறகு, காய்ந்து வெளுத்துக் கிடந்த கல்லின் மேல், தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை, படுத்திருக்கிற ஓர் ஆளின் நீளத்துக்கு ஈரம் மெல்லப் பரவியது. யாகூப் எஃபெந்தி பச்சைத் துணியைக் கொண்டுவந்து அதன் மேல் போர்த்தினார். துணி நனையவில்லை, ஓர் உடம்பின் மேல் கிடப்பது போல மேடிட்டுக் கிடந்தது.

தொழுகை முடிந்ததும் இமாம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். அந்த நாட்டு வழக்கப்படி, இறந்தவரைப் பற்றி ஊரிடம் கேட்க வேண்டும். "இவரை நீங்கள் எப்படிப்பட்டவராக அறிந்தீர்கள்?" என்று கேட்டார்.

வேற்றூர்க்காரன், முகம் தெரியாதவன், அவர்கள் மொழி பேசாதவன். ஆனால் கம்பளத்தை மிதிக்காமல் ஒதுங்கி நின்றதையும், உம்மாவுக்கு முன்னால் ஓர் அடிகூட வைக்காததையும் அவர்கள் எல்லாரும் பார்த்திருந்தார்கள். "நல்லவராக அறிந்தோம்" என்று முற்றம் முழுக்க ஒரே குரலாக வந்தது.

"இவர் மேல் உங்களுக்கிருக்கும் உரிமையை விட்டுக்கொடுத்து ஹலாலாக்குகிறீர்களா?"

"ஹலால்" என்றார்கள்.

இமாம் பெண்களின் பக்கம் திரும்பிக் காத்திருந்தார். சாலிஹ் ஆலிம் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முத்து சுலைகா முன்னால் வந்து, பச்சைத் துணியின் மேல், நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் கையை வைத்தாள். "நான் குடுத்த பால் உனக்கு ஹலால் வாப்பா" என்றாள். "நடந்தது போதும். போயி உறங்கு."

ஜுவைரியாவின் முறை வந்தது. வாழாமல் போன ஆண்டுகள், பாயில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்த கட்டிலின் அடிப்பலகை, தான் என்னவென்று தனக்கே சொல்லிக்கொள்ள முடியாத காலைகள், எல்லாம் அவள் முன்னால் வந்து நின்றன. யாருடைய கடன் அது, அவனுடையதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அங்கே கூடியிருந்தவர்கள் அவளை அவசரப்படுத்தவில்லை. புறாக்கள் கூரையிலிருந்து இறங்கி மறுபடியும் ஏறின. "ஹலால்" என்றாள் கடைசியில், அவளுக்கே கேட்காத குரலில். உடனே அவளுக்கு அழுகை வந்தது, மனைவியாக அவள் அழுத முதல் அழுகை. பச்சைத் துணி மெல்லத் தணிந்து கல்லோடு கல்லாகப் படிந்தது. யாகூப் எஃபெந்தி அதை எடுத்தபோது கீழே கல் காய்ந்திருந்தது, ஓர் ஆள் நீளத்துக்கு வெள்ளையாக உப்பு மட்டும் நின்றது. அதை அவர் கழுவவில்லை. அடுத்த மழை வரும் வரை அது அங்கே இருந்ததாக நெர்மின் பிற்பாடு சொன்னாள்.

புறப்படுகிற நாளில் கூட்டம் பட்டுச் சத்திரத்துக்குச் சாமான் வாங்கப் போனது. முத்து சுலைகா பட்டுக் கடைகளைத் தாண்டி, மூலையில் பருத்தித் துணி விற்கிற ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்து, வெள்ளை வேண்டும் என்று சைகை காட்டினாள். இத்தா இருக்கிற பெண் அது முடியும் வரைக்கும் வெள்ளை உடுத்துவது அவர்கள் ஊர் வழக்கம். இத்தனை ஆண்டுகளும் ஜுவைரியாவுக்கு அந்த வெள்ளையைக் கொடுக்க மறுத்தவள், இப்போது கடைக்காரர் எடுத்துப் போட்ட துணிகளை ஒவ்வொன்றாக விரலால் நெருடிப் பார்த்தாள். முரடாக இருந்ததைத் தள்ளினாள். கன்னத்தில் வைத்துப் பார்த்து ஒன்றை எடுத்தாள்.

"இது மெதுவா இருக்கு" என்றாள். "உடம்ப உறுத்தாது."

 கடைக்காரர் அளந்து வெட்டி, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, மிச்சமிருந்த துணிச் சுருளைக் காட்டி நெர்மினிடம் ஏதோ கேட்டார். நல்ல துணி, மறுபடியும் வராது, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார் என்றாள் நெர்மின். ஜுவைரியா அதைத் தமிழில் சொன்னாள்.

முத்து சுலைகா சுருளைக் கடைக்காரர் பக்கமே தள்ளிவிட்டாள்.

"வேணாம்னு சொல்லு. என் புள்ளைக்கு வெள்ளை இவ்வளவு போதும்."